கைப்பட்டி காட்டும் ஓய்வுநிலை இதயத் துடிப்பு மாறும்போது: அறிகுறி வாரியாகக் காரணம் தேடும் வழிமுறை

பல வாரங்களாக 62, 63 என்று நின்ற ஓய்வுநிலை இதயத் துடிப்பை உடற்பயிற்சிக் கைப்பட்டி ஒரு காலையில் 71 என்று காட்டினால், இதயத்துக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்ற அச்சமே முதலில் எழுகிறது. உண்மையில் இத்தகைய மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பட்டி அணிந்த விதத்திலோ, முந்திய இரவு கழிந்த விதத்திலோ, உடலில் தொடங்கிக்கொண்டிருக்கும் ஒரு காய்ச்சலிலோ இருக்கிறது. இதயமே காரணமாக இருப்பது குறைவு. ஆகையால் முதலில் கருவியையும், அடுத்து இரவையும், அதன் பின் உடலையும் பார்க்கும் வரிசையில் இந்த வழிமுறையை அமைத்திருக்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வெயில், திருவிழாக்கள், மார்கழி மழையோடு வரும் காய்ச்சல்கள் ஆகியவற்றை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

இந்த வரிசைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நெஞ்சுவலி, நெஞ்சு இறுக்கம், படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குதல், மயங்கி விழுதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும், பட்டி எந்த எண்ணைக் காட்டினாலும் அதைப் பொருட்படுத்தாமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸ் சேவையை வரவழையுங்கள். எண் வழமையாக இருக்கிறதே என்று காத்திருப்பதுதான் இந்தக் கருவிகளால் விளையக்கூடிய மிகப் பெரிய தீங்கு என்று நான் கருதுகிறேன்.

அந்த எண் எப்படிக் கிடைக்கிறது

பட்டியின் அடிப்பக்கத்தில் மின்னும் பச்சை ஒளியைத் தோலின் கீழுள்ள குருதி உறிஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டு நாளங்களில் குருதி பெருகுவதால் திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணியே கருவி துடிப்பைக் கணிக்கிறது. அதாவது அது இதயத்தின் மின்னோட்டத்தை அளப்பதில்லை. மணிக்கட்டுக்கு வந்து சேரும் குருதி அலையைத்தான் எண்ணுகிறது. பின்னர் துடிப்பு பாதியாகத் தெரிவதைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு முக்கியமாகும்.

அடுத்தது, எதை ‘ஓய்வுநிலை’ என்று கொள்வது என்பதில் நிறுவனங்களுக்குள் ஒருமைப்பாடு இல்லை. கார்மின் கருவிகள் 24 மணி நேரத்துள் மிகக் குறைந்த 30 நிமிடச் சராசரியை எடுக்கின்றன. ஃபிட்பிட் விழித்திருக்கும் நேரத் தரவையும் உறக்க நேரத் தரவையும் சேர்த்துக் கணிக்கிறது. அப்பிள் கடிகாரம் உடல் அசைவின்றி இருந்த வேளைகளின் அளவீடுகளைப் பயன்படுத்துகிறது. ஆகவே ஒரே நாளில், ஒரே மனிதருக்கு, இரண்டு கருவிகள் இரண்டு எண்களைக் காட்டினால் இரண்டும் தத்தம் வரையறைப்படி சரியாகவே இருக்கக்கூடும். கணவனின் கருவியில் 58, மனைவியின் கருவியில் 66 என்பதைக் கொண்டு யார் இதயம் நல்லது என்று வீட்டில் முடிவு கட்டுவதில் பொருளில்லை.

எதனோடு ஒப்பிடுவது

வளர்ந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்பது மருத்துவ நூல்களில் உள்ள வரம்பு; நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களுக்கு 40களிலும் இருக்கலாம். ஆனால் இந்த அகன்ற வரம்பு தனிமனிதருக்குப் பெரிதாக உதவாது. அமெரிக்காவில் 92,457 பேரின் கைக்கருவித் தரவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆளுக்கு ஆள் நாளாந்த ஓய்வுநிலைத் துடிப்பு 40 முதல் 109 வரை வேறுபட்டது. ஆனால் பெரும்பாலானோரின் சொந்த எண் குறுகிய காலத்துக்குள் அதிகம் மாறவில்லை. அதே வேளை, அவர்களுள் ஐந்தில் ஒருவருக்கு, 10 துடிப்போ அதற்கு மேலோ ஏறி இறங்கிய ஒரு வாரமேனும் இருந்தது. கிணற்று நீர்மட்டத்தை அடுத்த வளவுக் கிணற்றோடு ஒப்பிடாமல் அதே கிணற்றின் சென்ற மாத மட்டத்தோடு ஒப்பிடுவது போல, உங்கள் இன்றைய எண்ணை உங்கள் பழைய எண்களோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

செயலியில் ஒரு மாத வரைபடத்தைத் திறந்து, பெரும்பாலான நாட்கள் எந்த இரு எண்களுக்கு இடையில் விழுகின்றன என்று பார்த்து எழுதி வையுங்கள். அதுவே உங்கள் வழமை. இரண்டு மூன்று துடிப்பு ஏறி இறங்குவதை நான் மாற்றமாகவே கொள்வதில்லை. ஐந்து அல்லது அதற்கு மேல் உயர்ந்து மூன்று நாட்கள் நின்றால் காரணம் தேடத் தொடங்குவது என் வழக்கம்.

எந்த அறிகுறியானாலும் முதற் சோதனை கைவிரல்தான். காலையில் கண்விழித்து எழுமுன், தேநீருக்கும் வெற்றிலைக்கும் முன், ஒரு கை மணிக்கட்டில் பெருவிரலுக்குக் கீழே மறு கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெதுவாக வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்புத் தவறினாலே விடை நான்கு பிழைத்துவிடும்; ஒழுங்கற்ற துடிப்பும் பிடிபடாமல் போகும். கொவிட் காலத்தில் பல வீடுகளில் வாங்கி வைத்த விரல்நுனி ஒட்சிசன்மானியும், குருதி அமுக்கம் பார்க்கும் தானியங்கிக் கருவியும் துடிப்பைக் காட்டும்; ஒப்பிட அவையும் உதவும். உறக்க நேரத் தரவைச் சேர்க்கும் பட்டி காட்டும் எண்ணைவிடக் கையால் எண்ணியது சற்றுக் கூடியிருப்பது இயல்பு. இடைவெளி பத்தைத் தாண்டினால் கருவியைச் சந்தேகியுங்கள்.

அறிகுறி: வரைபடம் தாறுமாறாகக் குதிக்கிறது, அல்லது இடையிடையே வெற்றிடம் விழுகிறது

உடலின் மாற்றம் பெரும்பாலும் வளைகோடாக வரும். ஒருநாள் 58, மறுநாள் 74, அதற்கடுத்த நாள் 60 என்று தாவும் கோடு பெரும்பாலும் பட்டியின் குற்றம். பட்டி மணிக்கட்டு எலும்பின் மேலேயே கிடந்தால் அடியில் ஒளி கசியும். எலும்பிலிருந்து ஒரு விரலகலம் முழங்கைப் பக்கமாக ஏற்றி, கையை அசைத்தாலும் நகராத, ஆனால் தோலில் ஆழமான தடம் பதியாத இறுக்கத்தில் கட்டுங்கள். மிக இறுக்கினாலும் நாளங்கள் நசுங்கி அலை மங்கிவிடும்.

நம் ஊரில் இதோடு கவனிக்க வேண்டியவை வேறு சில உண்டு. கேதார கௌரி விரதம் முடித்துக் கட்டிய காப்பு நூல் பல மாதங்கள் மணிக்கட்டிலேயே இருக்கும். அதன் முடிச்சு பட்டிக்கு அடியில் அகப்பட்டால் பட்டி ஒரு பக்கம் தூக்கி நிற்கும். காப்பைக் கழற்ற வேண்டியதில்லை. பட்டியை மற்றக் கைக்கு மாற்றி, எந்தக் கை என்பதைச் செயலியிலும் மாற்றிவிட்டால் போதும். மணிக்கட்டிலும் திருநீறு பூசுபவர்களுக்கு அந்தத் தூள் வியர்வையோடு குழைந்து உணரியின் கண்ணாடியில் படலமாகப் படிகிறது. எண்ணெய் முழுக்கன்று நல்லெண்ணெய்ப் பிசுக்கும், கடலுக்குப் போய் வருபவர்களுக்கு உப்பும் அப்படியே. ஈரத் துணியால் நாள்தோறும் துடைத்து உலர விடுங்கள். உணரிக்கு நேர் கீழே பச்சை குத்தியிருந்தால் துடைப்பதால் பயனில்லை, இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

கறுத்த தோலில் இந்தக் கருவிகள் பிழைக்கும் என்ற பேச்சும் உண்டு. பச்சை ஒளியைத் தோலின் நிறமியும் உறிஞ்சுவதால் அந்தக் கேள்வி நியாயமானது. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல தோல்நிறத்தவர்களிடம் சோதித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஓய்வில் இருக்கும்போதைவிட உடல் இயங்கும்போதே பிழை அதிகரித்தது. ஆகவே ஓய்வுநிலை எண் மாறியதற்குத் தோல்நிறத்தைக் காரணமாகக் கொள்வதற்கு முன் மற்றவற்றைப் பாருங்கள்.

இயங்கும்போது பிழை கூடும் என்பது இங்கே இன்னொரு வகையில் பொருந்துகிறது. மோட்டார் சைக்கிளிலோ லான்ட்மாஸ்டர் எனும் இருசக்கர உழவு இயந்திரத்திலோ நெடுநேரம் போகிறவரின் கை அதிர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் காலடி எண்ணிக்கை ஏறாது. பகல் நேர அசைவின்மையைக் கொண்டு ஓய்வைக் கணிக்கும் கருவி இந்த வேளையை ஓய்வு என்று தவறாகக் கொள்ளக்கூடும். உழவுக் காலத்தில் மட்டும் எண் உயர்ந்து தெரிந்தால், வேலை நேரத்தில் பட்டியைக் கழற்றி வைத்து ஒரு வாரம் பாருங்கள். மின்கலச் சேமிப்பு நிலை இயங்கிக்கொண்டிருந்தாலும் அளவீடுகள் அருகி, அன்றைய எண் நம்பத்தகாததாகும்.

அறிகுறி: ஒரே நாளில் ஐந்து முதல் பத்து வரை உயர்ந்து, ஓரிரு நாளில் தானாக இறங்குகிறது

பட்டி சரியாக இருந்தால் முந்திய இரவைக் கேளுங்கள். இரவு பத்து மணிக்குப் பின் கொத்துரொட்டியோ புரியாணியோ வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தால், செரிமானத்துக்கான குருதியை அனுப்ப இதயம் நள்ளிரவு தாண்டியும் விரைந்து துடிக்கும். கள்ளு, சாராயம், பியர் எதுவானாலும் மது இரவுத் துடிப்பைத் தெளிவாக உயர்த்துகிறது. தூக்கம் நன்றாக வந்தது என்று குடித்தவர் சொன்னாலும் வரைபடம் அப்படிச் சொல்வதில்லை. இரவு வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நடு இரவில் தாழ்ந்து நிற்க வேண்டிய கோடு, விடியும் வேளையில்தான் தன் அடிமட்டத்தைத் தொடுகிறது என்றால், உடல் இரவின் பெரும்பகுதியை வேறு வேலையில் செலவிட்டிருக்கிறது. உணவும் மதுவும் வெக்கையும்தான் இதற்கு வழமையான காரணங்கள்.

வெக்கையை இங்கே குறைத்து மதிப்பிட முடியாது. சித்திரை, வைகாசி இரவுகளில் மின்தடை வந்து மின்விசிறி நின்றுவிட்டால், உடல் தன் வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கு அதிகக் குருதியை அனுப்புகிறது. வியர்வையால் குருதியின் கனவளவும் குறைகிறது. குறைந்த கனவளவை ஈடுசெய்ய இதயம் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. பகல் முழுவதும் தோட்டத்தில் வெங்காயத்துக்கு நீர் பாய்ச்சியவர் அன்று மாலை குடித்தது இரண்டு பிளேன்ரீ மட்டும் என்றால் மறுநாள் எண் உயராமல் என்ன செய்யும்? சிறுநீரின் நிறம் கடுமஞ்சளாக இருந்தால் அதுவே விடை. தண்ணீர், இளநீர், உப்பிட்ட மோர், கஞ்சி என எதுவும் நன்று. சிறுநீரக நோயோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள் மட்டும் வைத்தியர் குறித்த அளவை மீறக் கூடாது.

கொழும்புக்கு இரவுப் பேருந்தில் போய் வந்தவர், கோயிலில் இரவுத் திருவிழா பார்த்தவர், வழக்கத்துக்கு மீறி ஓடியவர், தடுப்பூசி போட்டவர் எல்லோருக்கும் இதே உயர்வு வரும், போகும். மாதவிடாய் வரும் பெண்களுக்கு, சூல் வெளிவந்த பின்னர் அடுத்த மாதவிடாய் வரையிலான நாட்களில் எண் சில துடிப்புகள் கூடியிருப்பது உடலின் இயல்பு. இரண்டு மூன்று மாத வரைபடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அந்த ஒழுங்கு தானே தெரியும், அதைத் திருத்த எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அறிகுறி: உயர்ந்த எண் இறங்கவில்லை, காய்ச்சல் இருக்கிறது, அல்லது வரும்போல் இருக்கிறது

இந்தப் பகுதியை மழைக்காலத்துக்கு முன்னரே வீட்டில் எல்லோரும் வாசித்து வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உடல் வெப்பம் 1 பாகை செல்சியஸ் உயரும்போது இதயத் துடிப்பு ஏறக்குறைய 10 உயரும். தொற்று தொடங்கும்போது வெப்பமானியில் காய்ச்சல் தெரியுமுன்னரே இரவுத் துடிப்பு உயர்வதும் உண்டு. ஆகையால் பட்டி சரி, உணவு சரி, தூக்கம் சரி, இருந்தும் எண் இரண்டு நாளாக உயர்ந்து நிற்கிறது என்றால் வெப்பமானியை எடுங்கள். அன்று கடும் உடற்பயிற்சியைத் தவிர்த்து ஓய்வெடுங்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால் அதன் பின் கைப்பட்டியின் எண்ணைக் கொண்டு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. வடகீழ்ப் பருவமழையோடு கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் யாழ்ப்பாணத்தில் டெங்கு பெருகுகிறது. டெங்குவின் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் ஆறுதல் அடையும் வேளையிலேயே அது தொடங்குகிறது. அப்போது குருதியின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து வெளியே கசிகிறது. காய்ச்சல் இறங்கிய பின்னும் துடிப்பு இறங்காமல் ஏறினால், கை கால் குளிர்ந்தால், வயிறு வலித்தால், ஓயாது வாந்தி எடுத்தால், எங்கேனும் குருதி கசிந்தால், நோயாளி அயர்ந்தால் அல்லது அமைதியிழந்தால், பல மணி நேரம் சிறுநீர் கழியாவிட்டால், அந்த நிமிடமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. டெங்குவிலும் நெருப்புக் காய்ச்சலிலும் (தைபொயிட்) உடல் வெப்பத்துக்கு ஏற்ற அளவில் துடிப்பு உயராமல் போகலாம். டெங்கு தெளியும் நாட்களில் அது வழமையைவிடத் தாழ்வதும் உண்டு. எனவே ‘காய்ச்சல் 39 பாகை, பட்டியில் 78தான், பயமில்லை’ என்ற கணக்கு செல்லாது. காய்ச்சலின் மூன்றாம் நாளுக்குள்ளாவது எப்.பி.சி. (முழுக் குருதிக்கல எண்ணிக்கை) இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரிடம் காட்டுங்கள். பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், ஐபுபுரோபன் போன்றவற்றைத் தாமாக எடுக்கக் கூடாது. குருதிக்கசிவை அவை மோசமாக்கும்.

வெள்ளம் வடிந்த வயலில் வெறுங்காலோடு இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். 2024 டிசெம்பரில் அந்நோய் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்தது. வயலில் இறங்கியதை வைத்தியரிடம் முதல் வசனமாகவே சொல்லுங்கள்.

காய்ச்சல் முழுதாக மாறிய பின்னும் எண் சில வாரங்கள் உயர்ந்து நிற்பது உண்டு. கொவிட் தொற்றியவர்களின் கைக்கருவித் தரவை ஆராய்ந்து 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓய்வுநிலைத் துடிப்பு பழைய நிலைக்குத் திரும்பச் சராசரியாக 79 நாட்கள் எடுத்தன. படிப்படியாக இறங்கும் கோடு ஆறுதலுக்குரியது. இறங்கிவிட்டு மறுபடி ஏறும் கோட்டோடு இளைப்பும் வந்தால் காட்டத்தான் வேண்டும்.

அறிகுறி: குறிப்பிட்ட ஒரு நாளில் படி ஏறியது போல் உயர்ந்து அல்லது தாழ்ந்து, அங்கேயே நிற்கிறது

அந்த நாளை வரைபடத்தில் கண்டுபிடித்து, அன்று என்ன மாறியது என்று கேளுங்கள். புதிய கருவி வாங்கியிருந்தால், நிறுவனம் மாறியிருந்தால், கருவியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருந்தால், கை மாற்றிக் கட்டியிருந்தால் விடை அங்கேயே முடிகிறது. புதிய கருவிக்கு இரண்டு வாரம் கொடுத்து, அதன் பின் புதிய வழமையைக் குறியுங்கள்; பழைய கருவியின் எண்களோடு சேர்த்து ஒரே கோடாக வாசிக்காதீர்கள்.

கருவி மாறவில்லை என்றால் குளிசைப் பையைத் திறவுங்கள். அதெனலோல், பைசோபுரோலோல், புரோப்பிரனலோல் போன்ற பீட்டா தடுப்பிகள் துடிப்பைத் தாழ்த்தும். அதற்காகவே அவை தரப்படுகின்றன. கிளினிக்கில் கொடுத்த மருந்து முடிந்து, அடுத்த கிளினிக் நாள் வரை போடாமல் விட்டவருக்கு எண் திடீரென ஏறும். பீட்டா தடுப்பியைச் சடுதியாக நிறுத்துவது இதய நோயாளருக்கு ஆபத்தானது என்பதால் இந்த ஏற்றத்தை அலட்சியம் செய்யக் கூடாது. தொய்வுக்கு (ஆஸ்துமா) எடுக்கும் சல்பியூற்றமோல், மூக்கடைப்புக்கான சில மருந்துகள், தேவைக்கு மேற்பட்ட தைரொக்சின் ஆகியவை துடிப்பை உயர்த்தும். எந்த மருந்தையும் பட்டியின் எண்ணைப் பார்த்து நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பீட்டா தடுப்பி எடுப்பவர்கள் மேலும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: காய்ச்சலின்போதும் குருதி இழப்பின்போதும் உயர வேண்டிய துடிப்பு அவர்களுக்கு உயராது, எனவே மேலே டெங்குவுக்குச் சொன்ன எச்சரிக்கை அவர்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்தவர்களுக்கு, வந்திறங்கிய நாளிலிருந்து எண் உயர்ந்து நிற்பது வழமை. நேர மாற்றம், பயணக் களைப்பு, வெப்பம் மூன்றும் சேர்ந்த விளைவு அது. வெப்பத்துக்கு உடல் இசைவாக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். அதற்குள் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் தொடங்கிவிட்டால், விரதத்தோடும் குறைந்த தூக்கத்தோடும் வெயிலில் நிற்க நேரும்; முதியவர்கள் காலைப் பூசையோடு நிறைவு கண்டு, நண்பகல் மணலைத் தவிர்ப்பது நல்லது.

அறிகுறி: வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறுகிறது

இந்த ஏற்றம் நாளாந்தம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆறு மாத வரைபடத்தில்தான் தெரியும். உடற்பயிற்சியை விட்டது, எடை கூடியது, தூக்கம் குறைந்தது, மனக்கவலை, புகைத்தல் என்பவை பொதுவான காரணங்கள். வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பவர்கள் அது புகைத்தல் அன்று என்று எண்ணுகிறார்கள். அதிலுள்ள நிக்கொட்டினும் பாக்கின் சத்தும் இதயத்தை விரைவாக்கவே செய்கின்றன.

இவை எதுவும் இல்லாமல் ஏறினால் இரத்தப் பரிசோதனை வேண்டும். இளம்பெண்களிடம் முதலில் நினைக்க வேண்டியது குருதிச்சோகை: ஈமோகுளோபின் குறைந்தால் அதே அளவு ஒட்சிசனைக் கொண்டு சேர்க்க இதயம் அதிகமுறை துடிக்க வேண்டியிருக்கிறது. எடை குறைந்து, கை நடுங்கி, வெக்கை தாங்க முடியாமல் இருந்தால் தைரொயிட்டுச் சுரப்பியின் மிகைச்செயல். கருவுற்றிருப்பதும் ஒரு காரணம். மகப்பேறு நெருங்கும்போது வழமையைவிட 10 முதல் 20 வரை கூடியிருப்பது எதிர்பார்க்கப்பட்டதே.

நீரிழிவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் கட்டுப்படாத சர்க்கரை, காலின் நரம்புகளைக் கெடுப்பது போலவே இதயத்தை அமைதிப்படுத்தும் வேகசு நரம்பையும் கெடுக்கிறது. அதனால் ஓய்விலும் துடிப்பு 90, 100 என்று நிற்கும். இரவில் தாழ வேண்டிய அளவு தாழாது. இப்படிப்பட்டவர்களுக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சுவலி தெளிவாகத் தெரியாமல் போகலாம் என்பதால், இரவும் பகலும் ஒரே மட்டத்தில் ஓடும் கோட்டைக் கிளினிக்கில் கட்டாயம் காட்டுங்கள். ஓய்வுநிலைத் துடிப்பு பல நாட்கள் 100க்கு மேல் நின்றால், நீரிழிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

அறிகுறி: எண் மிகவும் தாழ்ந்துவிட்டது, அல்லது சரிபாதியாகத் தெரிகிறது

மாதக்கணக்கில் ஒழுங்காக நடந்து, சைக்கிள் ஓடி, 70 மெதுவாக 62 ஆனால் அது மகிழத்தக்க மாற்றம். ஆழ்ந்த உறக்கத்தில் 50க்குக் கீழே போவதும் பலருக்கு இயல்பு. விழித்திருக்கும்போது 50க்குக் கீழே இருந்து, தலைசுற்றல், கண் இருட்டுதல், படியேறும்போது இளைப்பு இருந்தால் நிலை வேறு; இதயத்தின் மின்கடத்தலில் தடை இருக்கலாம், முதியவர்களில் குறிப்பாக. நெடுந்தூர ஓட்டப் பயிற்சி இல்லாத ஒருவருக்கு விழித்த நிலையில் 40க்குக் கீழே போனால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றே காட்டுங்கள். எடை கூடி, உடல் குளிர்ந்து, மலச்சிக்கலும் சோர்வும் சேர்ந்தால் தைரொயிட்டு குறைந்திருக்கலாம். தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தவருக்குத் துடிப்புத் தாழ்ந்து, வியர்த்து, எச்சில் வழிந்து, கண்மணி சிறுத்திருந்தால் அது நஞ்சேற்றம். சட்டையைக் கழற்றி, உடலைக் கழுவி, மருந்துப் போத்தலின் லேபிளையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

80 என்று இருந்தது 40 என்று, சரிபாதியாகத் தெரிந்தால், முன்னர் சொன்ன குருதி அலை பற்றிய செய்தி உதவுகிறது. ஒன்றுவிட்டு ஒன்று முந்தித் துடிக்கும் இதயத்தில், அப்படி முந்தி வரும் துடிப்பு, இதயத்தில் குருதி நிறையுமுன்னரே நிகழ்வதால், அதன் அலை மணிக்கட்டை எட்டாமல் போகலாம். பட்டியும் விரலும் ஒரே பிழையைச் செய்யும் இடம் இது: கைநாடியிலும் 40தான் கிடைக்கும். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாலோ ஈ.சி.ஜி. எடுத்தாலோதான் உண்மை தெரியும். கைநாடி எந்த ஒழுங்குமின்றி, ஒன்று பலமாக ஒன்று மெலிந்து ஓடினால், எண் என்னவாக இருந்தாலும் ஈ.சி.ஜி. தேவை, மேலறை நடுக்கம் எனப்படும் அந்தக் குறைபாடு, குருதிக்கட்டி உண்டாக்கிப் பக்கவாதத்துக்கு வழிவகுக்கிறது, அதைத் தடுக்க மருந்தும் இருக்கிறது.

வைத்தியரிடம் போகும்போது

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ, பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்துறை ஆதார வைத்தியசாலைகளுக்கோ போனால், நெரிசலான கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் சிறிது. கைத்தொலைபேசியை நீட்டி ‘இதைப் பாருங்கள்’ என்றால் அந்த நேரம் செயலியைத் திறப்பதிலேயே போய்விடும். ஒரு தாளில் உங்கள் வழமையான எண், மாறத் தொடங்கிய திகதி, இப்போதைய எண், கையால் 60 விநாடி எண்ணிய மூன்று காலைகளின் அளவு, அப்போது ஒழுங்காகத் துடித்ததா இல்லையா, எடுக்கும் குளிசைகளின் பெயர், கூட வந்த அறிகுறி ஆகியவற்றை எழுதிக் கொண்டு போங்கள். ஒரு மாத வரைபடத்தின் படத்தையும் ஆறு மாத வரைபடத்தின் படத்தையும் முன்கூட்டியே சேமித்து வையுங்கள். செயலி தரும் ‘மன அழுத்தப் புள்ளி’, ‘உடல் வயது’ போன்ற எண்களை அத்தாளில் சேர்க்க வேண்டாம். அவற்றைக் கொண்டு வைத்தியர் எடுக்கக்கூடிய முடிவு எதுவும் இல்லை.

பரிசோதனைகள் எல்லாம் சரி என்று வந்த பின்னும், ஒரு நாளில் பல தடவை எண்ணைப் பார்த்து அதனாலேயே நெஞ்சு படபடக்கிறது என்றால், செயலியின் அறிவித்தல்களை நிறுத்தி, வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலையில் மட்டும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். இரவில் பட்டியைக் கழற்றி மின்னேற்ற வைப்பதிலும் தவறில்லை.